டேவிட் லிலியந்தால்

டேவிட் ஈலை லிலியந்தால் (ஜூலை 8, 1899 – ஜனவரி 15, 1981) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் ஆவார். மின்சாரம், தொலைபேசி போன்ற பொதுச் சேவை நிறுவனங்களுக்கான சட்டத்துறையில் தொழிலைத் தொடங்கிய இவர், பின்னர் டென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையத்தின் (டி.வி.ஏ.) இயக்குநராகவும் தலைவராகவும், அதன் பின்னர் அமெரிக்க அணுவாற்றல் ஆணையத்தின் முதல் தலைவராகவும் பணியாற்றினார். இவர் பொறியியலாளர் அல்லர், அறிவியலாளரும் அல்லர். எனினும் இருபதாம் நூற்றாண்டின் இரு பெரும் ஆற்றல் மூலங்களான நீர்மின்சாரமும் அணுவாற்றலும் அமெரிக்காவில் யாருடைய உடைமையாக இருக்க வேண்டும், அவற்றை நடத்துவோர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பவற்றை முடிவு செய்தவர்களுள் இவரும் ஒருவர்.

லிலியந்தால் தம் பதினெட்டாவது வயதளவில் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பை வாழ்நாள் இறுதிவரை எழுதி வந்தார். அது ஏழு தொகுதிகளாக வெளிவந்துள்ளது. அரசுப் பணியின் உள்விவகாரங்களுடன் மனைவி, மக்கள், வீட்டுத் தோட்டம், பணக்கவலை ஆகியவையும் அதில் இடம்பெறுவதால், இவருடைய பொதுவாழ்வையும் குடும்ப வாழ்வையும் தனித்தனியாகப் பிரித்து எழுதுவது கடினம்.

இளமையும் திருமணமும்

லிலியந்தால் இலினாய் மாநிலத்திலுள்ள மோர்ட்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஆஸ்திரிய-அங்கேரிப் பேரரசிலிருந்து குடியேறிய யூதர்கள். சிறுவயதில் இந்தியானா மாநிலத்தின் சிறிய ஊர்களில் வளர்ந்தார். அம்மாநிலத்தின் டிபா பல்கலைக்கழகத்தில் பயின்று 1920 இல் பட்டம் பெற்றார். உடன் பயின்ற ஹெலன் லேம் என்பவரை அங்கேதான் சந்தித்தார். ஹார்வர்டு சட்டப் பள்ளியில் படிப்பு முடிந்த 1923 ஆம் ஆண்டில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். இவர்களுக்கு நான்சி, டேவிட் என இரு பிள்ளைகள். ஐம்பத்தேழு ஆண்டுகள் நீடித்த இத்திருமணம் லிலியந்தாலின் இறப்புடன்தான் முடிவுற்றது.

ஹார்வர்டில் இவருக்கு ஆசிரியராக இருந்தவர்களுள் பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியான பீலிக்ஸ் பிராங்பர்ட்டர் குறிப்பிடத்தக்கவர். பொதுச் சேவை நிறுவனங்களை அரசு எவ்வாறு ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற கேள்வியில் பிராங்பர்ட்டருக்கு இருந்த ஈடுபாடு மாணவரையும் பற்றிக்கொண்டது.

சிக்காகோவில் வழக்கறிஞராக

சிக்காகோ நகரில் தொழிலாளர் சார்பு வழக்கறிஞரான டொனால்ட் ரிச்பர்க்கின் அலுவலகத்தில் லிலியந்தால் பணியில் சேர்ந்தார். 1926 ஆம் ஆண்டின் இரயில்வே தொழிலாளர் சட்டத்தை வரைவதில் இவருக்கும் பங்குண்டு. பின்னர் தனியாகத் தொழில் நடத்தினார். இவருக்குப் பெயர் தேடித் தந்தது இலினாய் பெல் தொலைபேசி நிறுவனத்துக்கு எதிரான கட்டண வழக்கு. சிக்காகோ நகரத்தின் சார்பில் இவர் ஈடுபட்ட இவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1930 இல் முக்கியமான தீர்ப்பை வழங்கியது. வழக்கு 1934 இல் முடிவுற்றபோது, சந்தாதாரர்களிடம் கூடுதலாக வாங்கப்பட்ட சுமார் 2 கோடி டாலர் திருப்பித் தரப்பட வேண்டியதாயிற்று.

கட்டண வழக்குகள் வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சலிப்பூட்டுபவை. எந்தச் செலவை நிறுவனத்தின் முதலீடாகக் கணக்கிடுவது, தேய்மானத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது, தாய் நிறுவனத்திடம் வாங்கிய கருவிகளுக்குக் கொடுத்த விலை நியாயமானதா என்பன போன்ற கேள்விகளே அவற்றில் மீண்டும் மீண்டும் வரும். ஆனால் ஒரு சாதாரணக் குடும்பம் மாதந்தோறும் கட்டும் தொகையைத் தீர்மானிப்பவை இக்கேள்விகள்தாம். லிலியந்தாலின் பிற்காலச் சாதனைகளுக்கு அடிப்படையாக அமைந்தது இந்தக் கணக்குப் பயிற்சியே எனலாம்.

1931 இல் விஸ்கான்சின் மாநில ஆளுநர் பிலிப் லா பொலெட் இவரை அம்மாநிலப் பொதுச் சேவை ஆணையத்துக்கு நியமித்தார். அப்போது இவருக்கு வயது 31. அடுத்த ஆண்டில் சிக்காகோவை மையமாகக் கொண்டிருந்த சாமுவேல் இன்சலின் மின் நிறுவனப் பேரரசு சரிந்தது. நிறுவனத்துக்கு மேல் நிறுவனம், அதற்கும் மேல் ஒரு நிறுவனம் என அடுக்கப்பட்ட அமைப்பில் பங்கு வாங்கியிருந்த பல்லாயிரம் பேர் சேமிப்பை இழந்தனர். மின் துறையை அரசே நடத்திக் காட்ட வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது இச்சூழலில்தான்.

டென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையம்

1933 மே மாதத்தில் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட் டி.வி.ஏ. சட்டத்தில் கையொப்பமிட்டார். டென்னசி ஆறு ஏழு மாநிலங்களைத் தொட்டுச் செல்லும் வடிநிலத்தைக் கொண்டது. வெள்ளம், மண்ணரிப்பு, வறுமை ஆகியவற்றால் நலிந்திருந்த அப்பகுதியை அணைகள், நீர்வழி, உரம், காடு, மின்சாரம் என ஒருங்கே மேம்படுத்துவது ஆணையத்தின் நோக்கம். அதற்கு மூன்று இயக்குநர்கள் அமர்த்தப்பட்டனர். தலைவர் ஆர்தர் மோர்கன் வெள்ளத்தடுப்புப் பொறியியலாளர். ஹார்கோர்ட் மோர்கன் வேளாண் அறிஞர். பெயர் ஒன்றாயினும் இவர்கள் உறவினர் அல்லர். மூன்றாமவர் 33 வயதான லிலியந்தால். மின்சார விற்பனை இவர் பொறுப்பில் வந்தது.

அக்காலத்தில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின் இணைப்பு இருந்தது. மக்கள் குறைவாகப் பயன்படுத்துவதால் விலை அதிகம் என நிறுவனங்கள் கூறின. விலை அதிகமாக இருப்பதால்தான் மக்கள் குறைவாகப் பயன்படுத்துகின்றனர் என்பது லிலியந்தாலின் வாதம். 1933 செப்டம்பரில் டி.வி.ஏ. வெளியிட்ட வீட்டுக் கட்டணம் இந்த வாதத்தின் மீதே கட்டப்பட்டது: மாதத்தின் முதல் 50 யூனிட்டுக்கு யூனிட் 3 சென்ட், அடுத்த 150 யூனிட்டுக்கு 2 சென்ட், அதற்கடுத்த 200 யூனிட்டுக்கு 1 சென்ட், அதற்கு மேல் ஒரு சென்ட்டிலும் குறைவு. நாட்டின் சராசரிக் கட்டணம் அப்போது 5 சென்ட்டுக்கும் மேல்.

இதன்படி 50 யூனிட் எரிக்கும் வீடு ஒன்றரை டாலரும், 400 யூனிட் எரிக்கும் வீடு ஆறரை டாலரும் செலுத்தும். அதாவது பயன்பாடு எட்டு மடங்காகும்போது கட்டணம் நான்கரை மடங்குக்கும் குறைவாகவே உயர்கிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலை ஏறும் முறைக்குப் பழகிய வாசகருக்கு இது தலைகீழாகத் தோன்றும். அணையும் கம்பியும் போட்டு முடித்த பின்னர் கூடுதலாக ஒரு யூனிட் வழங்க ஆகும் செலவு மிகச் சிறிது. ஆகவே விற்பனை பெருகினால் நிலையான செலவு பலர் மீது பரவிவிடும் என்பதே இதன் அடிப்படை. பற்றாக்குறை உள்ள இடத்தில் இம்முறை செல்லாது. டென்னசியில் அப்போது இருந்தது விற்காத மின்சாரம்.

விலை மலிவு மட்டும் போதாது. குளிர்பெட்டியும் நீர் இறைக்கும் மோட்டாரும் வாங்க உழவரிடம் பணம் வேண்டும். இதற்காக மின் கருவிகளுக்குத் தவணைக் கடன் தரும் ஓர் அமைப்பும் உருவாக்கப்பட்டது. மிசிசிப்பி மாநிலத்தின் டூப்பலோ டி.வி.ஏ. மின்சாரத்தைப் பெற்ற முதல் நகரம் ஆனது (1934). அதே ஆண்டில் அம்மாநிலத்தின் ஆல்க்கார்ன் கவுண்டியில் உழவர்களும் நகரத்தாரும் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பின்னர் நாடெங்கும் பரவிய ஊரக மின் கூட்டுறவுகளுக்கு இது முன்மாதிரியாயிற்று. அயலிலிருந்த தனியார் நிறுவனங்களும் வேறு வழியின்றிக் கட்டணத்தைக் குறைத்தன.

நீதிமன்றப் போராட்டம்

காமன்வெல்த் அண்டு சதர்ன் என்னும் பெரும் மின் நிறுவனத்தின் தலைவராக இருந்த வெண்டல் வில்க்கியும் ஒரு வழக்கறிஞரே, இந்தியானாவில் பிறந்தவரே. அரசு மின்சாரம் விற்பது அரசியலமைப்புக்கு முரணானது என்பது தனியார் நிறுவனங்களின் நிலைப்பாடு. ஆஷ்வாண்டர் வழக்கில் (1936) வில்சன் அணையின் மின்சாரத்தை டி.வி.ஏ. விற்கலாம் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அத்தீர்ப்பு அந்த ஓர் அணையுடன் நின்றது. அவ்வாண்டிலேயே பல நிறுவனங்கள் சேர்ந்து மற்றொரு வழக்கைத் தொடுத்துத் தடையாணையும் பெற்றன. 1939 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு வழக்குத் தொடரும் உரிமையே இல்லை எனக் கூறியது. போட்டியால் ஏற்படும் இழப்பு மட்டும் சட்டப்படியான தீங்காகாது என்பது அதன் காரணம்.

அதன்பின் பேச்சுவார்த்தைதான் மிஞ்சியது. 1939 ஆகஸ்டில் டென்னசி மின் நிறுவனத்தின் சொத்துக்கள் 7 கோடியே 86 இலட்சம் டாலருக்கு டி.வி.ஏ.க்கும் உள்ளூராட்சிகளுக்கும் கைமாறின. கட்டண வழக்குகளில் தேய்மானத்துக்கும் முதலீட்டு மதிப்புக்கும் வாதாடிப் பழகியவருக்கு இந்த விலைபேசுதல் பழக்கமான களம். விற்ற வில்க்கி மறு ஆண்டே குடியரசுக் கட்சியின் வேட்பாளராக ரூசவெல்ட்டை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார்.

ஆணையத்துக்குள்ளேயும் சண்டை இருந்தது. தனியாருடன் ஒத்துழைக்க விரும்பிய ஆர்தர் மோர்கன், லிலியந்தால் நேர்மையற்றவர் எனப் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். சான்று காட்டுமாறு ரூசவெல்ட் கேட்டபோது மறுத்ததனால் 1938 மார்ச்சில் மோர்கன் நீக்கப்பட்டார். லிலியந்தால் 1941 இல் தலைவரானார். போர்க்காலத்தில் விமானங்களுக்கான அலுமினியம் உருக்கவும், ஓக் ரிட்ஜில் யுரேனியம் செறிவூட்டவும் டி.வி.ஏ. மின்சாரம் வழங்கியது.

நோரிஸ் ஊர்

இக்காலத்தில் லிலியந்தால் குடும்பம் நோரிஸ் என்ற ஊரில் குடியிருந்தது. நோரிஸ் அணை கட்டிய தொழிலாளருக்காக டி.வி.ஏ. திட்டமிட்டு அமைத்த ஊர் அது. மரங்களுக்கிடையே வளைந்த தெருக்கள், சிறிய வீடுகள், எல்லாவற்றிலும் மின்சாரம் என அமைந்த அவ்வூரில்தான் பிள்ளைகள் வளர்ந்தனர். ஒரு மாதிரிக் குடும்பம் வாழும் மாதிரி ஊர் என அதைச் சித்தரிப்பது எளிது. ஆனால் அந்த அணையின் நீர்த்தேக்கத்துக்காகச் சுமார் 3,000 குடும்பங்கள் நிலத்தை விட்டு வெளியேறின. நிலத்துக்கு உரிமையாளர்க்கு இழப்பீடு கிடைத்தது. வாரத்துக்குப் பயிரிட்டவர்களுக்குக் கிடைத்தது மிகக் குறைவு. மேலும் நோரிஸில் கறுப்பின மக்கள் குடியிருக்க அனுமதிக்கப்படவில்லை. வண்ண மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் இதை அன்றே கண்டித்தது. 1944 இல் லிலியந்தால் வெளியிட்ட, மக்களாட்சியின் அணிவகுப்பாக டி.வி.ஏ.யைக் காட்டும் புகழ்பெற்ற நூல் இக்குறைகளைச் சரியாக எதிர்கொள்ளவில்லை என்றே சொல்ல வேண்டும். ஆணையத்தின் மக்கள் பங்கேற்பு என்பது உள்ளூர்ச் செல்வாக்குள்ளோரை அணைத்துக்கொள்வதாகவே அமைந்தது எனச் சமூகவியலாளர் பிலிப் செல்ஸ்னிக் 1949 இல் வெளியான ஆய்வில் காட்டினார்.

அணுவாற்றல் ஆண்டுகள்

1946 தொடக்கத்தில், அணுவாற்றலைப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டில் வைப்பது குறித்து ஆராயும் ஆலோசகர் குழுவுக்கு லிலியந்தால் தலைமை தாங்கினார். இயற்பியலாளர் ராபர்ட் ஓப்பன்ஹைமரும் அதில் உறுப்பினர். யுரேனியச் சுரங்கம் முதல் செறிவூட்டும் ஆலை வரை ஆபத்தான பணிகள் அனைத்தையும் ஒரு பன்னாட்டு ஆணையமே உடைமையாகக் கொண்டு நடத்த வேண்டும் என்பது அவர்களது பரிந்துரை. தண்டனை விதிகளையும் சேர்த்து பெர்னார்டு பாருக் அதை ஐக்கிய நாடுகள் அவையில் முன்வைத்தார். சோவியத் ஒன்றியம் ஏற்கவில்லை.

அவ்வாண்டிலேயே அணுவாற்றல் ஆணையத்தின் தலைவராகக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் இவரை நியமித்தார். செனட் குழுவின் விசாரணை 1947 இல் நடந்தது. டி.வி.ஏ. பணியிடங்களைத் தம் ஆட்களுக்கு ஒதுக்க மறுத்ததனால் நெடுநாள் பகை கொண்டிருந்த டென்னசி செனட்டர் கென்னத் மெக்கெல்லர், இவருடைய பெற்றோர் எங்கே பிறந்தனர் என்பதுவரை கிளறினார். பொதுவுடைமைக் கொள்கை பற்றிக் கேட்டபோது, தனிமனித மாண்பே தம் அரசியல் நம்பிக்கையின் அடித்தளம் என்றும், செவிவழிச் செய்தியைக் கொண்டு மனிதரைத் தூற்றுவது அதற்கு எதிரானது என்றும் லிலியந்தால் எழுதி வைக்காமலே விடையளித்தார். அவ்வுரை செய்தித்தாள்களில் பரவலாக வெளியானது. ஏப்ரல் 9 அன்று 50க்கு 31 என்ற வாக்குகளில் நியமனம் உறுதியானது.

பொதுமக்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று வாழ்ந்தவர், இப்போது தம் மனைவியிடமும் சொல்ல இயலாத செய்திகளுக்குக் காவலரானார். அமெரிக்காவிடம் உடனே பயன்படுத்தத்தக்க அணுகுண்டுகள் அநேகமாக இல்லை என்பதே பொறுப்பேற்றதும் இவர் அறிந்த முதல் இரகசியம். 1949 செப்டம்பரில் மார்த்தாஸ் வினியார்டு தீவில் விடுமுறையைக் கழித்தபோது, ஓர் இரவில் மூடுபனிக்கிடையே மனைவியுடன் வண்டியில் வீடு திரும்பினார். விளக்கொளியில் சாலையோரம் ஒருவர் நிற்பது தெரிந்தது. அவர் ஆணையத்தின் படைத்துறைப் பிரிவுத் தலைவரான ஜெனரல் ஜேம்ஸ் மெக்கார்மக். சோவியத் ஒன்றியம் அணுகுண்டை வெடித்துவிட்டது என்ற செய்தியுடன் அவர் வந்திருந்தார். மறுநாள் லிலியந்தால் வாசிங்டனில் இருந்தார்.

அடுத்த கேள்வி ஐதரசன் குண்டு. அவசரமாக அதைச் செய்யத் தொடங்குவதை லிலியந்தால் எதிர்த்தார். 1950 ஜனவரி 31 அன்று ட்ரூமன் அதற்கு ஒப்புதல் அளித்தார். முடிவு எடுக்கப்பட்ட கூட்டம் பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. முன்னரே பதவி விலகல் கடிதம் தந்திருந்த லிலியந்தால் பிப்ரவரியில் வெளியேறினார்.

குடும்பமும் பணமும்

வெளியேறியதற்கு அவர் கூறிய காரணங்களுள் ஒன்று குடும்பத்தின் எதிர்காலம். டி.வி.ஏ. இயக்குநரின் ஆண்டுச் சம்பளம் 10,000 டாலர். அணுவாற்றல் ஆணையத் தலைவரின் சம்பளம் 17,500 டாலர். சாதாரண மக்களின் வருவாயோடு ஒப்பிட இவை பெரிய தொகைகளே. ஆனால் இவரை எதிர்த்து வாதாடிய வழக்கறிஞர்களின் வருவாய்க்கு அருகில்கூட வாராதவை. ஏறத்தாழ இருபது ஆண்டு அரசுப் பணிக்குப் பின் கையில் சேமிப்பு அதிகமில்லை. லசார்டு முதலீட்டு நிறுவனத்துடன் இணைந்து கனிம நிறுவனம் ஒன்றை நடத்திச் சில ஆண்டுகளில் செல்வரானார். 1953 இல் பெருவணிகத்தைப் பாராட்டி இவர் எழுதிய நூல் பழைய நண்பர்கள் பலரை வியப்பில் ஆழ்த்தியது.

இந்தியத் துணைக்கண்டத் தொடர்பு

டி.வி.ஏ.யை முன்மாதிரியாகக் கொண்டு இந்தியாவில் 1948 இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் நிறுவப்பட்டது. அதன் முதல் திட்டத்தை வகுத்தவர் டி.வி.ஏ. பொறியியலாளரான வூர்டுயின்.

1951 இல் கோலியர்ஸ் இதழுக்காக லிலியந்தால் இந்தியாவுக்கும் பாக்கித்தானுக்கும் சென்று நேருவையும் லியாகத் அலி கானையும் சந்தித்தார். பிரிவினைக்குப் பின் 1948 ஏப்ரலில் கிழக்குப் பஞ்சாபிலிருந்து கால்வாய் நீர் நிறுத்தப்பட்டது முதல் சிந்து நதி நீர் இரு நாடுகளையும் போரின் விளிம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் வெளியான கட்டுரையில், படுகை முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டு பொறியியலாளர்கள் கூட்டாக மேம்படுத்த வேண்டும் என்றும், உலக வங்கி அதற்கு உதவலாம் என்றும் எழுதினார். வங்கித் தலைவர் யூஜின் பிளாக் இதைப் பற்றிக்கொண்டு இரு அரசுகளுக்கும் எழுதினார். ஒன்பது ஆண்டுப் பேச்சுக்குப் பின் 1960 செப்டம்பர் 19 அன்று சிந்து நதிநீர் உடன்படிக்கை கராச்சியில் கையொப்பமாயிற்று. ஆயினும் அது லிலியந்தால் விரும்பிய கூட்டு மேலாண்மை அன்று. கிழக்கு ஆறுகள் மூன்றும் இந்தியாவுக்கு, மேற்கு ஆறுகள் மூன்றும் பெரும்பாலும் பாக்கித்தானுக்கு என்ற பங்கீடு. பல போர்களைத் தாங்கிய இவ்வுடன்படிக்கையை 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்தி வைத்தது.

ஈரானும் இறுதி ஆண்டுகளும்

1955 இல் பழைய டி.வி.ஏ. தோழர் கார்டன் கிளாப்புடன் சேர்ந்து வளர்ச்சி ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதன் பெரும்பணி ஈரானின் கூசெத்தான் மாகாணத்தில் நடந்தது. 203 மீட்டர் உயரமுள்ள டெஸ் அணை 1963 இல் திறக்கப்பட்டது. கரும்பும் மின்சாரமும் வந்தன. பின்னர் பெரும்பண்ணை நிறுவனங்களுக்காக உழவர்கள் நிலத்தையும் ஊரையும் இழந்தனர். கீழிருந்து வரும் மக்களாட்சியைப் பற்றி எழுதியவர் மன்னர் ஷாவின் விருந்தினராகவே இருந்தார் என்ற விமர்சனத்துக்கு இவரது நாட்குறிப்பில் நிறைவான விடை இல்லை. 1979 புரட்சியுடன் ஈரான் பணி அற்றுப்போக, நிறுவனமும் வீழ்ந்தது.

அணுமின் நிலையங்களைப் பற்றி 1960களிலேயே இவர் ஐயம் எழுப்பினார். நியூயார்க் நகருக்கு அருகில் அவற்றை அமைப்பதை எதிர்த்ததும், கழிவை என்ன செய்வது என்று கேட்டதும் தாம் முன்பு தலைமை வகித்த ஆணையத்துக்கு எரிச்சலூட்டின. திரீ மைல் ஐலண்டு விபத்துக்கு மறு ஆண்டு, 1980 இல், பாதுகாப்பான புதிய வகை உலைகளை வலியுறுத்தி ஒரு நூல் வெளியிட்டார். 1981 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் காலமானார்.

நாட்குறிப்பு

நாட்குறிப்பின் முதலிரு தொகுதிகள் 1964 இல் வெளிவந்தன. தொகுதிகளை அச்சுக்கு ஆயத்தம் செய்வதில் ஹெலனின் உழைப்பு பெரிது. ஏழாம் தொகுதி கணவர் மறைந்த பின்னர் 1983 இல் வெளியாயிற்று. இன்று டி.வி.ஏ.யின் தொடக்கத்தையோ ஐதரசன் குண்டு விவாதத்தையோ ஆராய்வோர் எவரும் இதைத் தவிர்ப்பதில்லை. எழுதியவர் தம் பக்கத்தையே சொல்கிறார் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்; ஆர்தர் மோர்கனைப் பற்றிய பகுதிகளுக்கு இது குறிப்பாகப் பொருந்தும். கையெழுத்துப் பிரதிகளும் கடிதங்களும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஸ்டீவன் நியூஸ் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு 1996 இல் வெளிவந்தது.